சன்ஃப்ளவர் லேண்ட் ஆடுறவங்க சேலம் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா? காசு போடலாமா வேணாமா

ஏற்காடு_குளிர்:
வணக்கம் மக்களே. ஏற்காட்டுல ஒரு தங்கும் விடுதில ரிசப்ஷன்ல இருக்கேன். மே மாசம் கோடை விழா முடிஞ்சிருச்சுன்னா வார நாள்ல ஈ ஓட்டுற வேலைதான், அதனால மாமா பையன் ஆத்தூர்ல இருந்து ஒரு கேம் லிங்க் அனுப்பிவிட்டான், சன்ஃப்ளவர் லேண்ட். பிரவுசர்லயே ஓடுது, டவுன்லோடு எல்லாம் இல்ல, மலைல சிக்னல் போயி போயி வந்தாலும் சமாளிச்சுக்குது.

ஆட்டம் என்னன்னா சின்ன தீவு ஒண்ணு குடுப்பாங்க, விதை வாங்கி போடணும், விளைஞ்சதும் பறிச்சு விக்கணும், மரம் வெட்டணும், சமைச்சு உங்க கேரக்டருக்கு ஊட்டினா லெவல் ஏறும். சூரியகாந்தி 1 நிமிஷத்துல விளையும், உருளை 5 நிமிஷம், பூசணி அரை மணி, கேரட் 1 மணி நேரம், கோஸ் 2 மணி, பீட்ரூட் 4, காலிஃப்ளவர் 8, முள்ளங்கி ஒரு நாள் முழுசா. இப்ப எனக்கு ஷிப்டே இந்தக் கணக்குல ஓடுது, நைட்டு படுக்கப்போகும்போது காலிஃப்ளவர் போட்டுட்டா காலைல எந்திரிச்சதும் அறுவடை, சேலம் இறங்குற நாள்ல முள்ளங்கி. ஆபீஸ்ல மேனேஜர் சார் எட்டிப்பாத்துட்டு "என்னப்பா இது குழந்தைங்க ஆட்டம்"னு சிரிச்சிட்டு போயிட்டாரு.

இப்ப விஷயம் என்னன்னா மாமா பையன் சொல்றான், சும்மா ஆடிட்டு இருக்காத, காசு கட்டி விஐபி பாஸ் எடு, அப்புறம் விளைச்சலுக்கு பூஸ்ட் குடுக்குற என்எஃப்டி (உன் பேர்ல பதிவாகுற டிஜிட்டல் பொருள்) ரெண்டு மூணு வாங்கிப் போடு, டோக்கன் (கேமோட கிரிப்டோ காசு) வரும் அத வித்தா மாசா மாசம் ரீசார்ஜ் காசாவது கைல நிக்கும்ங்கிறான். அவன் ஏற்கனவே பிக்சல்ஸ்னு இதே மாதிரி இன்னொரு கேம்லயும் ஏதோ போட்டு வச்சிருக்கான். எனக்கு அந்த டோக்கன் எல்லாம் வைக்கிற வாலட் கூட இன்னும் சரியா புரியல. கேக்குறது ரெண்டுதான்: காசு போட்டு ஆடினா நிஜமாவே திரும்ப வருமா, வந்தா அத பேங்க்குக்கு எப்படி கொண்டு வர்றது? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க, "ஸ்கேம் ப்ரோ ஓடிரு"ன்னு ஒரு வரில சொல்லிட்டு போகாதீங்க ப்ளீஸ்.

நாலுரோடு_தட்டுவடை:
ஸ்கேம் இல்ல தம்பி, அதே சமயம் சம்பளமும் இல்ல. நான் இது பழைய பேர்ல இருந்தப்ப இருந்தே பாத்துட்டு இருக்கேன் அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல இது சன்ஃப்ளவர் ஃபார்மர்ஸ்னு இருந்துச்சு, பாலிகான்ங்கிற செயின்ல, அதாவது கொடுக்கல் வாங்கல் எல்லாம் பதிவாகுற பிளாக்செயின் நெட்வொர்க்ல. 2021 கடைசி, 2022 ஜனவரி. அப்ப நீ என்ன விதைச்சாலும் பறிச்சாலும் அத சேவ் பண்ண செயின்ல ஒரு டிரான்சாக்ஷன் போகணும். டோக்கனுக்கு விலை இருக்குன்னு தெரிஞ்சதும் ஆளுங்க மட்டும் வரல, தானா ஆடுற பாட் புரோகிராமுங்க கூட்டம் கூட்டமா வந்துச்சு. பாலிகான் நெட்வொர்க்கே திணறிப் போச்சு, கேமே ஆடாதவன் வேற எதுக்கோ காசு அனுப்பணும்னாலும் கேஸ் ஃபீ, அதாவது டிரான்சாக்ஷனுக்குக் கட்டுற கட்டணம், கன்னாபின்னான்னு ஏறிக் கெடந்துச்சு. ஒரு விவசாய கேம் மொத்த செயினையே படுக்க வச்சத நம்ப மாட்ட, ஆனா நடந்துச்சு. டோக்கன் விலையும் தரைக்கு வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் அந்த டீமே எல்லாத்தையும் கலைச்சுட்டு சன்ஃப்ளவர் லேண்ட்னு புதுசா கட்டுனாங்க.

இப்ப நீ கிளிக் பண்றது எல்லாம் அவங்க சர்வர்லதான் சேவ் ஆகுது. உன் பண்ணை ஒரு என்எஃப்டி, அது செயின்ல இருக்கும். பொருளையோ டோக்கனையோ வாலட்டுக்கு வெளிய எடுக்கும்போதும் உள்ள போடும்போதும்தான் செயின் பக்கம் போகும். அதனால "பிளாக்செயின் கேம்"னு சொன்னவுடனே ஒவ்வொரு கேரட்டும் செயின்ல விளையுதுன்னு நெனச்சுக்காத, அது கிடையாது. பழைய டோக்கன் எஸ்எஃப்எல், அதுக்குப் பதிலா 2025ல ஃப்ளவர்னு புதுசு வந்துச்சு, அது பேஸ் செயின்ல. கடைல செலவு பண்ற காயின் தனி, அது கேமுக்குள்ளயே சுத்துறது, அத வித்து ரூபா ஆக்க முடியாது. ரெண்டையும் குழப்பிக்கிட்டுதான் நெறைய பேரு "என்கிட்ட ஆயிரக்கணக்குல இருக்கு"ன்னு குதிப்பாங்க.

பூஸ்ட் விஷயம். பேசிக் ஸ்கேர்குரோன்னு ஒரு சோளக்கொல்லை பொம்மை கேமுக்குள்ளயே வரும், சூரியகாந்தி உருளை பூசணி மூணும் 20% வேகமா விளையும் அவ்ளோதான். 5 நிமிஷ உருளை 4 நிமிஷம் ஆகும். சரி, அந்த மிச்சமான 1 நிமிஷத்த நீ என்ன பண்ணப்போற? உக்காந்து அடுத்த ரவுண்டு உருளை போடணும். பூஸ்ட் வாங்குனா வேலை குறையாது, கூடும். காசு குடுத்து வேலைய வாங்குறது இது. ஆட்டம் புடிச்சிருந்தா அதுவும் ஜாலிதான், நானே ஆடுறேன், ஆனா ரீசார்ஜ் காசு வரும்னு வாங்காத.

ஐந்துரோடு_டிராஃபிக்:
அண்ணே மாமா பையன் அவன் லிங்க்ல உங்கள சேர்த்திருக்கான்னா ரெஃபரல், அதாவது ஆள் சேத்துவிட்டா கிடைக்கிற கமிஷன், இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கங்க 😄 சும்மா சொன்னேன்

வாழப்பாடி_கிழங்கு:
நான் கேம் ஆடறதில்ல, பொண்ணு ஆடுறத பாத்திருக்கேன். ஆனா வெள்ளாமை பண்றவன்ங்கிற முறைல ஒண்ணு சொல்லலாம்னு தோணுச்சு.

எங்க பக்கம் மரவள்ளிதான், அது உங்களுக்கே தெரியும். கிழங்க லோடு ஏத்திட்டு மில்லுக்கு போனா எடை மட்டும் பாக்க மாட்டான், ஸ்டார்ச் எத்தன பாயிண்ட் இருக்குன்னு பாப்பான், பாயிண்டுக்கு இவ்ளோன்னு ரேட்டு. எல்லாரும் ஒரே நேரத்துல புடுங்குனா ரேட்டு விழும், அது வருசா வருசம் பாக்குறது, அந்த அடி எங்களுக்குப் புதுசில்ல. ஆனாலும் ஏன் மறுபடி மறுபடி நடுறோம்? ஏன்னா அந்தக் கிழங்கு ஜவ்வரிசியாகி மகாராஷ்டிரா பக்கம் போகுது, அங்க விரத நாள்ல சாபுதானா கிச்சடி பண்ணித் திங்கிறாங்க. திங்கிறவன் மரவள்ளி நடுறவன் இல்ல. அவன் வேற ஆளு, அவனுக்கு வயித்துக்கு வேணும், காசு குடுக்குறான். அந்தக் காசுதான் வியாபாரி, மில்லு, சேகோசர்வ் கூட்டுறவு சங்கம்னு எல்லாம் தாண்டி அடிச்சுப் பிடிச்சு எங்கிட்ட வருது.

இப்ப உங்க டோக்கன எடுத்துக்கங்க. நீங்க விளைய வச்சு விக்கிறீங்க. வாங்குறவன் யாரு? அவனும் அதே கேம்ல விளைய வைக்கிறவன். அவன் எதுக்கு வாங்குறான், இன்னும் வேகமா விளைய வச்சு நாளைக்கு வேற ஒருத்தனுக்கு விக்கிறதுக்கு. கடைசில திங்கிறவன் எங்க? பொண்ணுகிட்ட இதத்தான் கேட்டேன், "அப்பா கேமுல கத்திரிக்கா மொதலாளி மாதிரி பேசாத"ன்னுட்டு போயிருச்சு, பதில் சொல்லல.

நாலுரோடு_தட்டுவடை:
@வாழப்பாடி_கிழங்கு ஐயா நீங்க கேட்டதுதான் இந்த மொத்த துறைக்கும் கேள்வியே. ஒரு சின்ன திருத்தம் மட்டும். ஆட்டத்துக்காகவே காசு போடுறவன்னு ஒரு கூட்டம் இருக்கு, அலங்காரப் பொருள், சட்டை தொப்பி, சீசன் பாஸ்னு வாங்குறவங்க. அவன் திரும்ப எடுக்கணும்னு போடல. திங்கிறவன்னு சொன்னா அவன்தான். பிரச்சினை என்னன்னா அந்தக் கூட்டம் சின்னது, விளைய வச்சு விக்க நிக்கிற கூட்டம் பெருசு.

பிக்சல்ஸ் கதையும் இதேதான். அது பாலிகான்ல இருந்து 2023 கடைசில ரோனின் செயினுக்கு மாறுச்சு, ஆளுங்க எண்ணிக்க சும்மா பிச்சுக்கிட்டு ஏறுச்சு. ஆரம்பத்துல பெர்ரின்னு ஒரு டோக்கன் வச்சிருந்தாங்க, பாப்பெர்ரி விதைச்சு வித்து பெர்ரி சேத்தாங்க எல்லாரும். எடுத்து விக்கிறவன் அதிகமாகி அது வீங்கிப் போச்சு, கடைசில அதையே தூக்கிட்டு செயினுக்கு வெளிய இருக்குற காயினா மாத்திட்டாங்க. பிக்சல் டோக்கன் 2024 பிப்ரவரில பைனான்ஸ்ங்கிற கிரிப்டோ வாங்கி விக்கிற எக்சேஞ்ச்ல வந்துச்சு, மார்ச்ல ஒரு டாலர் தொட்டுச்சு, அடுத்த வருசம் பாத்தா சில சென்ட். மாமா பையன் எப்ப வாங்குனான்னு கேளுங்க, அதுல தெரிஞ்சிரும். ஒரு டாலர்ல வாங்கியிருந்தா இப்ப அவன் உங்களுக்கு அட்வைஸ் பண்ற மூடுல இருந்திருக்க மாட்டான்.

சூரமங்கலம்_லெட்ஜர்:
பேங்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், ஆடிட்டர் இல்ல, அதனால பெரிய தொகைன்னா உங்க ஆடிட்டர்கிட்டயே போங்க.

கிரிப்டோ, என்எஃப்டி எல்லாமே இங்க வரிச் சட்டத்துல "மெய்நிகர் டிஜிட்டல் சொத்து"தான். 2022 ஏப்ரல் 1ல இருந்து அதுல வர்ற லாபத்துக்கு 30% வரி, அதுக்கு மேல 4% செஸ். உங்க மத்த வருமானம் வரியே இல்லாத அளவுக்கு கம்மியா இருந்தாலும் இதுக்கு அந்த விலக்கு கிடையாது, ரிசப்ஷன் சம்பளத்துக்கு ஒரு ரூபா வரி கட்டாதவரும் இதுக்கு கட்டணும். 1000 ரூபாய்க்கு வாங்குனத 3000க்கு வித்தீங்கன்னா 2000 லாபம், வரி 600, செஸ் 24. செலவுன்னு கழிக்கறது வாங்குன விலை மட்டும்தான், கேஸ் ஃபீ, நெட் பில், போன் எல்லாம் கழிக்க முடியாது.

இதவிட எரிச்சல் அடுத்தது. ஒண்ணுல லாபம், இன்னொண்ணுல நட்டம்னா ரெண்டையும் கழிச்சுப் பாக்க விட மாட்டாங்க. ஃப்ளவர்ல 2000 லாபம் பிக்சல்ல 2000 நட்டம்னா உங்க கைக்கு ஒண்ணும் வரல, ஆனா 624 வரி. நட்டத்த அடுத்த வருசத்துக்கும் கொண்டு போக முடியாது.

அப்புறம் 2022 ஜூலைல இருந்து 1% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே புடிச்சுக்கற வரி, அது லாபத்துல இல்ல, விக்கிற மொத்த தொகைல. இந்திய எக்சேஞ்ச்ல வித்தா அவங்களே புடிச்சுக்குவாங்க, ரிட்டர்ன் போடும்போது கணக்குல காட்டிக்கலாம். ரிட்டர்ன்ல இதுக்குன்னு தனி ஷெட்யூல் இருக்கு.

எடுக்குற வழின்னு பாத்தா டோக்கன வாலட்ல இருந்து எக்சேஞ்சுக்கு அனுப்பி ரூபாயா மாத்தி பேங்க்குக்கு எடுக்கறதுதான். எக்சேஞ்ச் நிதி உளவுப் பிரிவுல, எஃப்ஐயூன்னு சொல்லுவாங்க, அதுல பதிவு பண்ணினதான்னு பாத்துக்கங்க. டெலிகிராம்ல "அண்ணா டோக்கன் குடுங்க நான் ஜிபே பண்றேன்"னு வர்றவன்கிட்ட மட்டும் விக்காதீங்க. அவன் அனுப்புறது எவனோ ஏமாந்த காசா இருந்துச்சுன்னா கம்ப்ளைன்ட் வேற மாநிலத்துல பதிவாகும், ஃப்ரீஸ் ஆகுறது சேலத்துல உங்க அக்கவுண்ட். எங்க ஆபீஸ்க்கே அப்படி ஒரு வெள்ளிப்பட்டறை பையன் வந்தான், வந்த தொகை ரெண்டாயிரத்துச் சொச்சம்தான், ஆனா சம்பளம் போடுற அதே அக்கவுண்ட், ஏடிஎம்ல கூட எடுக்க முடியாம ஒவ்வொரு ஸ்டேஷனுக்கா மெயில் போட்டுட்டு இருந்தான்.

இன்னொண்ணும் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஆன்லைன் கேமிங் சட்டம் கொண்டு வந்துச்சு, காசு கட்டி காசு எதிர்பார்த்து ஆடுற ஆட்டத்துக்குத் தடை. அதுல காசு கொடுத்து வாங்குற, காசா மாத்தக்கூடிய டோக்கன், காயினையும் பந்தயப் பணம் மாதிரிதான் வரையறுத்திருக்காங்க. தண்டனை நடத்துறவனுக்கும் விளம்பரம் பண்றவனுக்கும் அதுக்குப் பணப் பரிமாற்றம் பண்ணிக் குடுக்குறவனுக்கும்தான், ஆடுறவனுக்கு இல்ல. ஆனா காசு போட்டு காசு எடுக்குறதுன்னு எறங்குனா அந்த எல்லைக்கு எவ்ளோ பக்கத்துல நிக்கிறீங்கன்னு யோசிச்சுக்கங்க. இலவசமா ஆடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

ஏற்காடு_குளிர்:
ஐயோ இவ்ளோ இருக்கா இதுல. ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மாமா பையன்கிட்ட எப்ப வாங்குனன்னு கேட்டேன், "அது லாங் டேர்ம்"ங்கிறான் 😂 வாழப்பாடி ஐயா கேட்டதையும் அவன்கிட்ட கேட்டேன், மெசேஜ் பாத்துட்டான், டிக்கு நீலமா இருக்கு, பதில் வரல. லெட்ஜர் சார், 200 ரூபா 300 ரூபா வந்தாலும் இதெல்லாம் காட்டணுமா?

சூரமங்கலம்_லெட்ஜர்:
வித்து லாபம் வந்தா காட்டணும், சின்னதுன்னு தனி வரம்பு கிடையாது. 300 ரூபாய்க்காக ரிட்டர்ன்ல ஒரு ஷெட்யூல் நிரப்பணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

நாகலூர்_மிளகுக்கொடி:
எல்லாரும் காசு காசுன்னே பேசுறீங்களே, நான் ஒரு வருத்தத்த சொல்லிக்கிறேன் 😊 நாங்க மலைலயே இருக்கோம், கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட மிளகு. சாயங்காலம் பசங்களோட சேர்ந்து நானும் இந்த கேம் ஆடுறேன். எனக்கு புடிக்கும். ஏன் புடிக்கும்னா அதுல போட்டது வந்துரும். 8 மணி நேரம்னா 8 மணி நேரம். இங்க மார்ச் ஏப்ரல்ல ஒரு மழை விழணும், அது விழுந்தாதான் காப்பி பூக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல தோட்டமே வெள்ளையா மல்லிப்பூ வாசனையா நிக்கும். அந்த மழை தப்பிச்சுன்னா, இல்ல பூ விரிஞ்ச அன்னிக்கே கொட்டித் தீத்துச்சுன்னா, நவம்பர்ல பறிக்க ஆளுங்கள கூப்புடுறதா வேணாமான்னு யோசிக்கணும். செடி வச்சு கைக்கு காய் வர்றதுக்கே மூணு நாலு வருசம். இதுக்கு நடுவுல காட்டெருமை வேற உள்ள வந்து போகும், எந்தக் கேமுலயும் அதுக்கு ஒரு பட்டன் இல்ல.

அதனால கேமுல 1 நிமிஷத்துல சூரியகாந்தி விரியறத பாத்தா எங்க வீட்டு ஆளுக்கு சிரிப்பு, எனக்கு நிம்மதி. நான் வாலட்டே கனெக்ட் பண்ணல, ஈமெயில் வச்சே உள்ள போயிட்டேன், டோக்கன் பக்கம் திரும்பிக்கூட பாக்குறதில்ல. ஆனா "காசு ஒரு பைசா போடக்கூடாது"ன்னு சொல்ற கட்சியும் நான் இல்ல. பையன் பொறந்தநாளுக்கு ஒரு சீசன் பாஸ் எடுத்துக் குடுத்தேன், அது போன காசுதான், போனா போகட்டும்னு தெரிஞ்சே குடுத்தேன், அவன் சந்தோஷமா ஆடினான். தம்பி, ரீசார்ஜ் காசு வரும்னு கணக்கு போடுற அன்னிலிருந்து உங்களுக்கு அது கேமா இருக்காது. நைட்டு அலாரம் வச்சு எந்திரிப்பீங்க. ரிசப்ஷன்ல கெஸ்ட் நின்னுட்டு இருக்கும்போது முள்ளங்கி பறிப்பீங்க.

ஏற்காடு_குளிர்:
அக்கா அது ஏற்கனவே நடந்துருச்சு, கெஸ்ட் ஒருத்தர் சாவி கேட்டு நின்னுட்டு இருந்தாரு நான் நிமிரவே இல்ல 🙈

கொண்டலாம்பட்டி_பைபாஸ்:
வாலட் புரியலன்னு சொன்னீங்களே அதுதான் இங்க முக்கியமான விஷயம், வரி டோக்கன் எல்லாம் அப்புறம்.

வாலட் போட்டா 12 வார்த்தை ஒண்ணு குடுப்பான், சீட் ஃப்ரேஸ். அது கைல இருக்குறவன்தான் ஓனர். பேங்க் மாதிரி கிளைக்கு போய் "சார் எனக்கு மறந்துருச்சு"ன்னு நிக்க ஆளே கிடையாது. போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீங்க, வாட்சப்ல உங்களுக்கு நீங்களே அனுப்பி வைக்காதீங்க, பேப்பர்ல எழுதி வீட்டுல வைங்க. எந்த கேமும் எந்த சப்போர்ட்டும் அத கேக்காது. கேட்டா திருடன்.

ரெண்டாவது, அந்த 12 வார்த்தைய குடுக்காமலே காலி பண்ண முடியும், அது பல பேருக்கு தெரியறதில்ல. எங்க ரூம் பையன் ஒருத்தனுக்கு நடந்தத சொல்றேன். டிஸ்கார்ட்ங்கிற சாட் ஆப்ல ஒருத்தன் கேம் டீம் ஆளு மாதிரியே பேரும் படமும் வச்சுக்கிட்டு "ஏர்டிராப் (இலவச டோக்கன்) வந்திருக்கு கிளெய்ம் பண்ணு"ன்னு லிங்க் குடுத்தான். சைட்டு பாத்தா அசல் மாதிரியே இருக்கு, அட்ரஸ்ல ஒரே ஒரு எழுத்து மாத்தி. வாலட் கனெக்ட் பண்ணான், ஒரு பாப்அப் வந்துச்சு, அப்ரூவ் அமுக்கிட்டான். காசு அனுப்புற மாதிரி தொகை எதுவும் காட்டல, அதனால இவனும் சந்தேகப்படல. அப்ரூவ்னா "இந்த டோக்கன நீ எப்ப வேணா எடுத்துக்கோ"ன்னு அவனுக்கு கையெழுத்து போட்டுக் குடுக்குறது. கொஞ்ச நேரத்துல வாலட் தொடச்சு விட்ட மாதிரி ஆயிருச்சு. 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம் போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போட்டான். பேங்க் வழியா போன காசுன்னா சீக்கிரம் சொன்னா நடுவுல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, வாலட்ல இருந்து வாலட்டுக்குப் போனத நடுவுல நிறுத்த யாரும் இல்ல.

தனி ஆளுக்கு மட்டும் இல்ல, பெரிய இடமும் தப்பல. பிக்சல்ஸ் இப்ப இருக்குற அந்த ரோனின் செயின், ஆக்ஸி இன்ஃபினிட்டிங்கிற கேமுக்காக கட்டுனது. 2022 மார்ச்ல அதோட பிரிட்ஜ, அதாவது வேற செயினுக்கு காசு மாத்துற பாதைய, உடைச்சு 60 கோடி டாலருக்கு மேல அள்ளிட்டு போயிட்டாங்க, ஒரு ஆள் "என் பணத்த எடுக்க முடியல"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் டீமுக்கே தெரிஞ்சுது, அதுக்குள்ள ஆறு நாள் ஓடிப்போச்சு. அப்புறம் டீம் முதலீடு திரட்டி, ஆடுனவங்களுக்கு திருப்பிக் குடுத்தாங்க, அது வேற கதை.

அதனால ஆடணும்னா கேமுக்குன்னு தனியா ஒரு வாலட் போட்டுக்கங்க, அதுல ஒண்ணும் வைக்காதீங்க. மாமா பையன் "நானே செட் பண்ணித் தர்றேன்"னு சொன்னாலும் அந்த 12 வார்த்த வர்றப்ப அவன வெளிய டீ குடிக்க அனுப்பிருங்க.

நாலுரோடு_தட்டுவடை:
மேல சொன்னது எல்லாமே சரி. ஒண்ணு சேத்துக்கறேன், ஏற்கனவே எங்கயாச்சும் அப்ரூவ் அமுக்கியிருந்தா அத திரும்ப ரத்து பண்ணலாம். அந்தந்த செயின்ல நடந்தத பாக்குற எக்ஸ்ப்ளோரர் சைட்லயே டோக்கன் அப்ரூவல்னு ஒரு பக்கம் இருக்கும், பாலிகானுக்கு பாலிகான்ஸ்கேன், பேஸுக்கு பேஸ்ஸ்கேன். அதுல போய் ரிவோக் குடுக்கணும், அதுக்கும் கொஞ்சம் கேஸ் ஆகும். சைட்டு அட்ரஸ நீங்களே டைப் பண்ணிப் போங்க, யாரும் அனுப்புற லிங்க்ல போகாதீங்க, ரிவோக் பண்ணித் தர்றேன்னே ஏமாத்துற போலி சைட்டும் இருக்கு.

ஏற்காடு_குளிர்:
சரிங்க, விஐபியும் வேணாம் என்எஃப்டியும் வேணாம், நாகலூர் அக்கா மாதிரி ஈமெயில்லயே ஆடிக்கிறேன். ஒரே ஒரு டவுட்டு மிச்சம். மாமா பையன் அன்னிக்கு வந்தப்ப என் போன்ல ஒரு வாலட் இன்ஸ்டால் பண்ணிட்டு போயிருக்கான், அதுல ஒண்ணும் இல்ல, ஆனா அந்த 12 வார்த்த அவன்தான் எழுதி வச்சிருக்கான். அதையே வச்சுக்கலாமா?

கொண்டலாம்பட்டி_பைபாஸ்:
அது உங்க வாலட் இல்ல, அவனோடது. டெலீட் பண்ணிருங்க. எப்பவாச்சும் வேணும்னா அன்னிக்கு புதுசா போட்டுக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

ஐந்துரோடு_டிராஃபிக்:
ஒரு உருளைக்கிழங்கு விளையற நேரம்